நெருப்புக்குப் புத்தி சொன்னவர்

முகம்மது நூகு தூங்காத இடம் சிவகாசியில் கிடையாது. அவருடைய அண்ணன் அப்துல் குத்தூஸின் ஜவுளிக்கடையில் துணி பேல்களின் மேல் தூங்கியிருக்கிறார். சலூனில் பாதித் தாடி மழித்தபடியே தூங்கியிருக்கிறார். விருதுநகரில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், ஆமத்தூரில் கண் விழித்து, ஊர் வந்துவிட்டது என்று இறங்கி, தன் வீட்டைத் தேடி அரை மணி நேரம் அலைவார். ஆமத்தூர்க்காரர்கள் பாவப்பட்டு அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்களாம். இந்த மனுஷனை நம்பி ஒரு பச்சைப் பிள்ளையின் உயிரைக் கொடுத்தாயே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

என் பெயர் ஞானசுந்தரி. பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு, சிவகாசியில் ஒரு டாக்டரம்மா நடத்திய பத்துக் கட்டில் பிரசவ ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிள்ளைகள் என்ன, ராத்திரியா பகலா என்று நம்மைக் கேட்டுக்கொண்டா பிறக்கின்றன? தூக்கம் கெட்டவளுக்கு, நின்ற இடத்தில் தூங்குகிறவனைக் கண்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். நூகு பாயை முதலில் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் கொதிக்க வைக்கிற மின்சாரப் பாத்திரம் தண்ணீர் வற்றிக் கருகிப்போயிருந்தது. பழுது பார்க்க அவரை அழைத்திருந்தோம். வந்தவர் பாத்திரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று.

"பாய், வேலைக்கு வந்தீகளா, தூங்க வந்தீகளா?" என்றேன்.

"தூங்கலை நர்ஸம்மா," என்றார், கண்ணைத் திறக்காமலே. "இதுல தண்ணி வத்துனா என்னென்ன நடக்கும்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நாமெல்லாம் நல்லது நடப்பதாகக் கனவு காண்போம். அவர் எது எது கெட்டுப்போகும் என்று கனவு காண்பார். கெட்ட பிறகும் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருப்பதை அதே கனவில் கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்குச் சாயங்காலம் பாத்திரத்தின் அடியில் ஒரு தகடு வைத்தார். பித்தளையையும் இரும்பையும் ஒன்றாகச் சேர்த்து அடித்த பட்டை அது. சூடு மீறினால் ஒரு பக்கமாக வளைந்து கம்பியை விட்டு விலகும், கரண்டு நின்றுவிடும். சூடு தணிந்தால் நிமிர்ந்து மறுபடி தொடும். நான் அங்கே இருந்தவரை அந்தப் பாத்திரம் பிறகு கருகவே இல்லை.

இந்தப் பைத்தியம் அவரை எப்படிப் பிடித்தது என்கிற கதையை அவருடைய மனைவி ஷரீஃபுன்னிசா எனக்குச் சொல்லியிருக்கிறாள். கல்யாணமான புதிதில், ஐம்பத்தொன்றிலோ இரண்டிலோ, கம்பிச் சுருள் வைத்து வீட்டிலேயே ஒரு மின்சார அடுப்புச் செய்தாராம். பாலை ஏற்றிவிட்டு அதன் முன்னாலேயே தூங்கிவிட்டார். பால் பொங்கி, சட்டி தீய்ந்து, கோரைப்பாயின் ஓரம் தீப்பிடித்துக்கொண்டது. ஷரீஃபுன்னிசா ஒரு வாளித் தண்ணீரைப் பாய்க்குப் பாதியும் புருஷனுக்குப் பாதியுமாக ஊற்றினாள். "தூங்குமூஞ்சி கையில நெருப்பக் குடுத்தா, நெருப்புக்குத்தேன் புத்தி சொல்லணும்!" என்று கத்தினாளாம். வேறு எந்தப் புருஷனாவது இருந்தால் சண்டைக்குப் போயிருப்பான், அல்லது காதில் வாங்காமல் இருந்திருப்பான். இவர் சொட்டச் சொட்ட நனைந்தபடி உட்கார்ந்து, "ஆமா, சொல்லணும்," என்றாராம்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் சூடாகிற எந்தச் சாமானும் புத்தியில்லாமல் இருக்கவில்லை. பால் சட்டிக்கு மேலே இரண்டு கம்பி தொங்கும். பால் பொங்கி வந்து இரண்டையும் தொட்டதும் அடுப்பு அணைந்துவிடும். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு மறந்தால் அது தானே மணியடிக்கும். ஷரீஃபுன்னிசா தலையில் அடித்துக்கொள்வாள்; ஆனால் அந்த அடுப்பைத் தவிர வேறு அடுப்பில் பால் காய்ச்ச மாட்டாள்.

"எல்லாம் கெடும் நர்ஸம்மா," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "கெடாத சாமான் கெடையாது. கெட்டா எந்தப் பக்கம் விளணுங்கறத மட்டுந்தேன் நம்ம முன்னாடியே சொல்லி வைக்க முடியும்." அதைச் சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் தூங்கிப்போனார்.

ஐம்பத்தேழு கார்த்திகையில், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், எம். புதுப்பட்டியிலிருந்து செல்லத்தாயை அவள் புருஷன் சோலைமலை வண்டி கட்டிக் கொண்டுவந்து இறக்கினான். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி சொருகுகிறவள். தீபாவளி சீசன் முடிகிறவரை வேலைக்குப் போயிருக்கிறாள். முந்தி இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து கையில் கட்டியிருந்தாள். பிள்ளை ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண். மூன்று ராத்தல்கூட இல்லை. என் உள்ளங்கையில் படுத்தால் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"சூடு போகாமப் பாத்துக்கிட்டா பிழைக்கும். மதுரைக்குக் கொண்டு போனா வழியிலேயே குளிர்ந்துரும்," என்றார் டாக்டரம்மா.

நான் ஆயா வேலுத்தாயை நூகு பாய் வீட்டுக்கு ஓடவிட்டேன். அவர் வந்தார், பிள்ளையைப் பார்த்தார், கண்ணை மூடவில்லை. அன்று பகலும் இரவும் அவர் தூங்கவே இல்லையாம். "எனக்குப் பயமாப் போச்சு, மனுசனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு," என்று ஷரீஃபுன்னிசா பின்னால் சொன்னாள். அவர் பிள்ளைக்குச் சூட்டுப்பெட்டி செய்து முடிக்கிறவரை பிள்ளையை நான் என் மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பெட்டி வந்தது. லேபிள் அச்சாபீசில் காகிதம் வந்து இறங்கிய தேவதாரு மரப்பெட்டி. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. கீழ்த்தட்டில் இரண்டு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர். மேல்தட்டில் பஞ்சு மெத்தை. சூடு கூடினால் வளைந்து பல்பை அணைக்கப் பித்தளைப் பட்டை. அந்தப் பட்டையே ஒட்டிக்கொண்டு விடாமல் போனால்? அதற்கும் வழி வைத்திருந்தார். தீப்பெட்டிக் கம்பெனி மெழுகில் பதித்த ஒரு கம்பி. கீழ்த்தட்டு அளவுக்கு மீறிச் சுட்டால் மெழுகு உருகும், ஸ்பிரிங் இழுத்துக் கம்பி பிடுங்கிக்கொள்ளும், பெட்டி முழுக்கக் கரண்டு போய்விடும்.

"பட்டை மறுபடி தானாச் சேந்துக்கிரும். மெளுகு சேராது," என்றார். "அது போச்சுன்னா ஒரு மனுசன் வந்து பாத்தே ஆகணும். தெருவுல கரண்டு போனாலும் மனுசன் வரணும். அதுக்குத்தேன் இந்த மணி." கரண்டு எந்த வழியில் நின்றாலும் டார்ச் செல்லில் அடிக்கிற மணி.

பெட்டிக்குள் பல்பு வெளிச்சம் தேன் நிறத்தில் இருந்தது. பிள்ளை அதற்குள் கையை விரித்துக்கொண்டு தூங்கியது. வெளியே மழை, உள்ளே அந்த வெளிச்சம். வார்டில் இருந்த எல்லோருக்குமே அதைப் பார்த்தால் கண் சொக்கும். செல்லத்தாய் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "கோயில் கருவறை கணக்கா இருக்கு நர்ஸம்மா," என்பாள். அவளிடமும் மற்ற தாய்மாரிடமும் நான் படித்துப் படித்துச் சொன்னேன்: மணி அடித்தால் யாராவது உடனே பெட்டிக்கிட்டே வரணும், பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைக்கணும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஐந்தாம் நாள் முற்பகல். நான் டாக்டரம்மாவோடு உள்ளறையில் ஒரு பிரசவத்தில் இருந்தேன். காற்றுக்கு எங்கோ கம்பி அறுந்து கரண்டு போயிற்று. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தேன். கையில் இருந்த வேலையை விட முடியாது. அதை முடித்து ஓடிவந்து பார்த்தால், வார்டில் ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. கட்டில்கள் காலி. ஒருத்தியின் சேலை முந்தானை கதவில் மாட்டிக் கிழிந்து தொங்குகிறது. நடுவில் பெட்டி, இருட்டாக. பிள்ளையின் கால் விரல்கள் நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தன.

எல்லோரும் தெருவில் நின்றார்கள். கையில் பிள்ளை இருந்தவர்கள் பிள்ளையோடு, மற்றவர்கள் தலைமேல் கை வைத்துக்கொண்டு, மழையில். வேலுத்தாயும் அங்கேதான் நின்றாள். எல்லாம் பட்டாசு, தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள். அந்தச் சுற்று வட்டாரத்தில் மணி அடித்தால் ஒரே அர்த்தம்தான்: கம்பெனியில் தீ. கால்தான் முதலில் கேட்கும், காது அப்புறம்தான். எந்தப் பக்கம் வாசலோ அந்தப் பக்கம் ஓடு, எதையும் எடுக்காதே, திரும்பிப் பார்க்காதே. பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுக்கிற ஊர். எத்தனை தீக்காயத்துக்கு நானே மருந்து போட்டிருக்கிறேன்! எனக்கும் தோன்றவில்லை, அம்புட்டுக் கனவு காண்கிற பாய்க்கும் தோன்றவில்லை.

பிள்ளையை என் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செல்லத்தாய் படியேறப் பயந்து நின்றாள்.

"பெத்தவளாடி நீ?" என்றேன்.

இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் என் நாக்கை இழுத்து வைத்துச் சூடு போடலாம் போல இருக்கிறது. கோபம் கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு அது எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. செல்லத்தாய் உள்ளே வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். சாயங்காலம் சுவரிடமே சொன்னாள்: "எங்கக்கா சண்முகத்தாய் நாலு வருசம் முன்னாடி கம்பெனியில மணி அடிச்சப்ப தூக்குச்சட்டிய எடுக்கத் திரும்புனா. நான் திரும்பல. அதான் இருக்கேன்."

அதற்கப்புறம் அவள் பிள்ளையைத் தொடவில்லை. நேரத்துக்கு எழுந்து பாலைப் பீய்ச்சிச் சங்கில் கொடுப்பாள். ஊட்டுவது நான். "நான் தொட மாட்டேன் நர்ஸம்மா. தொட்டா எங்கிட்ட இருந்துரும்னு அதுக்கு நெனப்பு வந்துரும். நான் விட்டுட்டு ஓடுறவ," என்பாள். நான் கெஞ்சினேன், அதட்டினேன், மன்னிப்புக்கூடக் கேட்டேன். ம்ஹூம்.

நூகு பாய் வந்ததும் முதல் வேலையாக மணியைக் கழற்றினார். செல்லத்தாய்க்குக் கேட்கும்படி, "தப்பு ஒம்மேல இல்ல தாயி. ஓடச் சொல்ற சத்தத்த மாட்டி வச்சுக்கிட்டு, வான்னா எப்படி வருவே? எம் புத்தியத்தேன் சொல்லணும்," என்றார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. அவர் பெட்டிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று நாள் அப்படியே வந்து வந்து உட்கார்ந்தார். மணி இல்லாத பெட்டியை நானும் வேலுத்தாயும் மாற்றி மாற்றிக் காவல் காத்தோம். மழை நின்றபாடில்லை. அந்த மூன்று நாளும் எனக்கு ஒரே பொழுதாகத்தான் நினைவிருக்கிறது. ஓட்டுமேல் மழைச் சத்தம், தேன் நிற வெளிச்சம், பாதித் தூக்கத்தில் நான், முழுத் தூக்கத்தில் பாய், சுவரைப் பார்த்து ஒரு தாய்.

மூன்றாம் நாள் மத்தியானம் தாழ்வாரத்தில் ஓடு ஒழுக ஆரம்பித்தது. வேலுத்தாய் ஒரு காலிப் பித்தளைக் குடத்தைக் கொண்டுபோய் அடியில் வைத்தாள். ணங் என்று முதல் சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. வார்டு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

செல்லத்தாய் எழுந்தாள். கண் திறக்கவில்லை. முந்தானையைத் தலையில் குடம் வைக்கச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டே தாழ்வாரத்துக்கு நடந்தாள். இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒன்றிலும் இடிக்காமல் போனாள். அவள் மட்டுமா? மூலைக் கட்டிலில் இருந்த சின்னத்தாயும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். செல்லத்தாய் குடத்தின் விளிம்பில் கை வைத்த பிறகுதான் கண் விழித்தாள்.

"தண்ணி வந்துருச்சுன்னு நெனச்சேன்," என்றாள் வெட்கத்தோடு.

கோடையில் அவர்கள் ஊர்க் கிணறு வறண்டுவிடும். பெண்கள் கிணற்றடியிலேயே படுத்து, ஊற்று ஊறி முதல் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குக் காத்திருப்பார்கள். தூங்கிப்போனவளுக்கு அன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. செத்தாலும் அந்தச் சத்தத்துக்கு எழுந்துவிடுவார்கள் போல.

பெஞ்சில் பாய் முழித்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, குடையையும் செருப்பையும் விட்டுவிட்டு, மழையில் நடந்து போனார்.

மறுநாள் ஒரு தகர டப்பாவும், அவரே கம்பி சுற்றிய ஒரு காந்தமும், ஷரீஃபுன்னிசாவின் கல்யாணச் சீர்க் குடமும் வந்தன. பெட்டியின் மேலே டப்பா நிறையத் தண்ணீர். அதன் அடித்துளையை ஒரு ரப்பர் அடைப்பு மூடியிருக்கும். கரண்டு இருக்கிறவரை காந்தம் அந்த அடைப்பை அழுத்திப் பிடித்திருக்கும். தெருவில் கரண்டு போனாலும் சரி, மெழுகு உருகினாலும் சரி, காந்தம் பிடியை விட்டுவிடும். தண்ணீர் கீழே காலிக் குடத்தில் விழும்.

"ஏன் பாய், இது ஆஸ்பத்திரியா, குழாயடியா?" என்றேன்.

"வரச் சொல்ற சத்தம் வேணும் நர்ஸம்மா. இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதேன்," என்றார்.

இந்த இடத்திலேயே அவருடைய மீதிக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பின்னால் சொல்ல எனக்கு மனசு வராது. அதற்கப்புறம் அந்த மாதிரி ஏழு பெட்டி செய்தார். ஒவ்வொரு ஊருக்கும் போய், அந்த ஊர்ப் பெண்கள் எந்தச் சத்தத்துக்கு ஓடிவருவார்கள் என்று கேட்டுக்கொண்டு வருவார். சாத்தூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிற ஒரு கிராமத்துக்கு, குட்டி கத்துகிற மாதிரி ஒரு ஊதல் வைத்தார். அதைச் சோதித்துப் பார்த்த வாரம் முழுக்க ஷரீஃபுன்னிசா தன் அம்மா வீட்டில் போய் இருந்துகொண்டாள். அறுபத்தெட்டில் காலமானார். தூக்கத்தில்தான், வேறெப்படி? பழுது பார்க்க வந்த ஒரு ரேடியோ தலைமாட்டில் பாடிக்கொண்டே இருந்ததாம். அவருக்காக நான் அழுத அழுகையைப் பார்த்து டாக்டரம்மாவே பயந்துவிட்டார்.

இனி செல்லத்தாய். குடம் வைத்த பிறகும் அவள் பிள்ளையைத் தொடவில்லை. பிள்ளை எடை ஏறிக்கொண்டுதான் வந்தது. எனக்கு அதுவே பெரிய கவலையாகிவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில் ஊருக்கு அனுப்ப வேண்டும். பெட்டியையா கூடக் கொடுத்தனுப்ப முடியும்? தொட மாட்டேன் என்கிற தாயோடு, அந்த நூலிழைப் பிள்ளை எத்தனை நாள் இருக்கும்?

இருபதாம் நாள் மத்தியானம். தூறல். வேலுத்தாய் சோறு வாங்கப் போயிருந்தாள். நான் பெட்டிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, சத்தியமாகத் தூங்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். கனவில் தாமிரபரணிக் கரையில் நிற்கிறேன். யாரோ குடம் முக்குகிறார்கள். தண்ணீர் குடத்துக்குள் போகிற சத்தம் கேட்கிறது, கேட்டுக்கொண்டே இருக்கிறது, எவ்வளவு சுகமாக இருக்கிறது. சத்தம் கனத்துக்கொண்டே வந்து, குடம் பாதி நிறைந்துவிட்டது என்று தோன்றியபோதுதான் எனக்கு உறைத்தது.

கண்ணைத் திறந்தேன். வார்டு விளக்கு எரிகிறது. தெருவில் கரண்டு போகவில்லை. பெட்டி மட்டும் இருட்டு. பட்டை ஒட்டிக்கொண்டு, சூடு ஏறி, மெழுகு உருகியிருக்கிறது. கண்ணாடிக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே மெத்தையில் பிள்ளை இல்லை. செல்லத்தாயின் கட்டிலும் காலி.

என் இயேசுவே! நான் வாசலைப் பார்த்து ஓடினேன். தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. திரும்பி வந்தேன்.

அவள் பெட்டிக்குப் பின்னால், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே, தரையில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையைத் தளர்த்திப் பிள்ளையை மார்போடு வைத்து முந்தானையால் மூடியிருந்தாள். பிள்ளையின் உச்சந்தலை மட்டும் அவள் மோவாய்க்குக் கீழே தெரிந்தது. அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. செல்லத்தாயின் தலையில் முந்தானை நுனி பாதிச் சும்மாடாகச் சுற்றியபடி அப்படியே நின்றது.

நான் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக, சரியாக இருந்தது. முந்தானையை இழுத்து அதை மூடினேன்.

செல்லத்தாய் என்னை அண்ணாந்து பார்த்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"நான் வந்துட்டேன்ல நர்ஸம்மா?" என்றாள்.

"வந்துட்டே தாயி," என்றேன். "எனக்கு முந்தி வந்துட்டே."